தலையாட்டப் பயிற்சி பெற்றேன்

மற்றவர்களுக்கு உதவி செய்வது எப்படி என்று எனக்குச் சென்னையில் மூன்று வாரம் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு முன்னால் ஏழு வருஷமாக, திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, எந்தப் பயிற்சியும் இல்லாமல் தப்பும் தவறுமாக உதவி செய்துகொண்டிருந்தேன். ஒருத்தி பாடத்தைக் கவனிக்காவிட்டால் சத்தம் போடுவேன். ஒருத்தி சேர்ந்தாற்போல் நாலு நாள் வராவிட்டால், வீடு தேடிப் போய் அவள் அம்மாவையும் சேர்த்துச் சத்தம் போடுவேன். என் குரல் கொஞ்சம் பெரிது. பதினோராம் வகுப்பில் நான் அல்ஜீப்ரா நடத்தினால் பக்கத்துக் கட்டடத்தில் எட்டாம் வகுப்புக்கு அது மனப்பாடம் ஆகிவிடும் என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள்.

அறுபதுகளின் தொடக்கம். மேலிடத்துக்குத் திடீரென்று மாணவர்களின் மனசு மேல் அக்கறை வந்திருந்த சமயம். பள்ளிக்கு ஒருவர் வழிகாட்டு ஆசிரியராகப் பயிற்சி பெற வேண்டும், படிப்பிலும் வேலையிலும் வீட்டுக் கஷ்டத்திலும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் துணை நிற்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் தலைமையாசிரியை அதை நிதானமாகப் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இங்க யாருக்கு இன்னும் கல்யாணம் ஆகலை?” என்று கேட்டார். மூன்று வாரம் வெளியூரில் தங்க வேண்டுமே, மற்றவர்கள் போனால் அவர்கள் வீட்டில் சோறு பொங்குவது யார்? நான் ஒருத்திதான் ஆகாதவள். மனித மனத்தை ஆழமாகப் புரிந்துகொள்ளும் பொறுப்புக்கு நான் தகுதி பெற்றது இப்படித்தான்.

பயிற்சி நடத்தியவர் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த ஓர் அம்மையார். நல்ல மனுஷி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பேசுவது முதல் வரிசைக்கே பாதிதான் கேட்கும். வருகிறவர்களைத் திட்டக் கூடாது என்றார். சரி, அது நியாயம், நாற்பது பேரும் எழுதிக்கொண்டோம். புத்தி சொல்லவும் கூடாது என்றார். அங்கேதான் எனக்கு மூச்சு முட்டியது. “உங்கள் எதிரே இருப்பவருக்குள்ளேயே விடை இருக்கிறது. அதை நீங்கள் எடுத்துக் கொடுக்கக் கூடாது. அவரே எடுக்கும்வரை பக்கத்தில் இருந்தால் போதும்” என்றார். ஏழு வருஷமாகக் கணக்குத் தாள் திருத்துகிறவள் நான். எனக்கு எதிரே இருப்பவர்களுக்குள்ளே விடை இருந்து நான் பார்த்ததில்லை. இருந்தாலும் எழுதிக்கொண்டேன்.

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்? மெல்லத் தலையாட்ட வேண்டும். நடுநடுவே ‘ம்’ சொல்ல வேண்டும். அவர் சொன்னதையே நம் வார்த்தையில் அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்கு ஜோடி ஜோடியாக உட்காரவைத்துப் பழக்கினார்கள். எனக்கு ஜோடி தஞ்சாவூர்ப் பக்கத்து டீச்சர் ஒருவர். ஒரு நாள் அவர் கஷ்டப்படுகிறவராக நடிப்பார், நான் தலையாட்டுவேன். மறுநாள் நான் கஷ்டப்படுவேன், அவர் ஆட்டுவார். அம்மையார் எங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “உங்கள் முகத்தில் கோபம் தெரிகிறது” என்று என்னிடம் மட்டும் தினமும் சொல்வார். மூன்றாவது வாரம் என் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

திரும்பி வந்ததும் எனக்கென்று ஓர் அறை ஒதுக்கினார்கள். கெட்டுப்போன தையல் மிஷின்களைப் போட்டுவைத்திருந்த அறை. மிஷின்களை ஒரு மூலைக்குத் தள்ளி, ‘வழிகாட்டு அறை’ என்று வெளியே பலகை மாட்டினோம். இரண்டு பேருக்கும் நடுவில் மேஜை இருந்தால் அது சுவர் மாதிரி என்று அம்மையார் சொல்லியிருந்ததால் மேஜையை வெளியே எடுத்துவிட்டேன். வந்த பெற்றோர்கள் முதலில் மேஜையைத் தேடினார்கள். மேஜை இல்லாத டீச்சரை அவர்கள் பார்த்ததில்லை. ஏதோ தப்புச் செய்ததற்காக என்னை இந்த அறையில் போட்டிருக்கிறார்கள் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நாற்காலியில் உட்காரச் சொன்னால், “இருக்கட்டும் டீச்சர்” என்று நின்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ரகசியமாகப் பேச வேண்டும் என்பது இன்னொரு விதி. கல்யாணம் ஆகாத ஒரு டீச்சர், ஒரு பிள்ளையின் தகப்பனோடு கதவைச் சாத்திக்கொண்டு திண்டுக்கல்லில் பேசினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். கதவையும் மூன்று ஜன்னல்களையும் திறந்தே வைத்தேன். ரகசியம் பேசுகிறோம் என்பது மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது.

முதலில் வந்தவர் பேகம்பூரிலிருந்து ஒரு அம்மா. வீட்டுக்காரர் தோல் மண்டியில் வேலை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அவர் மகள் இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள் என்றார்.

“பிள்ளை சாப்பிடலைன்னு உங்களுக்குக் கவலையா இருக்கு” என்றேன், பயிற்சியில் சொன்னபடி.

“ஆமா டீச்சர். தூங்கவும் மாட்டேங்குது.”

“தூங்கலைன்னும் கவலைப்படுறீங்க. ம்.”

அந்த அம்மா என்னைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். “நான் சொன்னதத்தான திருப்பிச் சொல்லுறீங்க டீச்சர்? காதுல ஏதும் கோளாறா?” என்று உண்மையான இரக்கத்தோடு கேட்டார். நான் அதற்கும் தலையாட்டினேன். “பள்ளிவாசல்ல ஹஜ்ரத்துகிட்ட போனா தண்ணியாச்சும் ஓதிக் குடுப்பாங்க” என்று எழுந்து போய்விட்டார். போகிற போக்கில், காதுக்கு வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டுக்கொள்ளச் சொன்னார். பிள்ளை அடுத்த மாதம் நன்றாகச் சாப்பிட்டது. யாருடைய வைத்தியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். கார்த்திகை மாதம் நடந்ததில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோராம் வகுப்பில் ஒரு பெண். கன்னிவாடிப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். கணக்கில் கெட்டிக்காரி. பஸ் தாமதமானால் மட்டும் என்னிடம் திட்டு வாங்குவாள், பஸ்ஸை அவளே ஓட்டிவந்த மாதிரி. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டீச்சர் ட்ரெயினிங் போக வேண்டும் என்பது அவள் ஆசை. இன்னும் நாலு மாதத்தில் பரீட்சை. அப்போது அவள் அப்பா ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

வழக்கப்படி அவர் நேரே தலைமையாசிரியையிடம்தான் போனார். அவரோ புதுப் பலகை மாட்டிய பெருமையில், “அதுக்குன்னே தனி ரூம் போட்டிருக்கோம். அந்த டீச்சர் மெட்ராஸ்ல போய்ப் படிச்சிட்டு வந்திருக்காங்க” என்று என்னிடம் திருப்பிவிட்டார்.

அவர் தனியாக வரவில்லை. கூட அவருடைய அண்ணன் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, பெரிய மீசை. அண்ணன் உள்ளே வரவில்லை. என் அறை வாசலுக்கு நேர் எதிரே புங்கமரத்தடியில் குடையை ஊன்றிக்கொண்டு நின்று எங்களையே பார்த்தார். பேச்சுக் கேட்காத தூரம், ஆனால் முகம் நன்றாகத் தெரியும்.

தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை மடியில் போட்டுப் பிசைந்துகொண்டே பேசினார்.

“எங்க அக்கா மகன் வத்தலக்குண்டுல சைக்கிள் கடை வச்சிருக்கான் டீச்சர். தையில கல்யாணத்த முடிச்சுரலாம்னு அக்கா கேக்குது. அண்ணனும் சரிங்கிறாக. பிள்ளைய நிறுத்திரலாம்னு...” என்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் நாக்கு துறுதுறுத்தது. ஆனால் நான் பயிற்சி பெற்றவள் அல்லவா? முகத்தைத் துடைத்துவிட்ட சிலேட்டுப்போல் வைத்துக்கொண்டு, மெல்லத் தலையாட்டினேன்.

“நிறுத்திடலாம்னு நினைக்கிறீங்க” என்றேன்.

அவர் திடுக்கிட்டார். “நிறுத்துனா... இத்தன வருசம் படிச்சது வீணாப் போயிருமோ டீச்சர்?”

“வீணாப் போயிடுமோன்னு பயப்படுறீங்க. ம்.”

“கவர்மெண்டுல ஏதும் கேப்பாகளா? நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு சட்டம் கிட்டம் ஏதாச்சும் இருக்கா?”

“சட்டம் இருக்குமோன்னு யோசிக்கிறீங்க” என்று சொல்லி, இன்னும் ஆழமாக ஒரு ஆட்டு ஆட்டினேன்.

அவர் திரும்பி மரத்தடியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்லுறீகளோ அதுபடி செய்யிறேன் டீச்சர்” என்றார். அந்தக் குரலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கிணற்றில் விழுந்தவன் கயிறு கேட்கிற மாதிரி இருந்தது. அதற்கும் என்னிடம் தயாராகப் பதில் இருந்தது. “இது உங்க முடிவு. நீங்க எடுக்கிற முடிவை நான் மதிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, கடைசியாக ஒரு தடவை புன்னகையோடு தலையாட்டினேன்.

அவர் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். நான் பதிவேட்டை எடுத்து, ‘அமர்வு சிறப்பாக அமைந்தது. ஆலோசகர் எந்தக் கட்டத்திலும் தன் கருத்தைத் திணிக்கவில்லை’ என்று எழுதினேன். கையெழுத்துக்கூட அன்றைக்கு அழகாக வந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பழைய நானாக இருந்தால் வியாழக்கிழமை கன்னிவாடி பஸ்ஸில் இருந்திருப்பேன். புது நானோ, முடிவு அவர்களுடையது என்று மதித்துக்கொண்டு வகுப்பில் முக்கோணங்களை நடத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காய்கறி மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். கத்தரிக்காய் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடாமல் போய் எதிரில் நின்றேன். அவர் எழுந்தார்.

“ஏன் டீச்சர், உங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நான் என்ன பண்ணினேன்? நீங்கதானே நிறுத்தினீங்க” என்றேன்.

“எங்கய்யா செத்த பெறகு என்னைய வளத்ததே அண்ணன்தான். அவுக பேச்ச எதுத்து இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசுனதில்ல. பொண்ணு கேக்குறது கூடப்பிறந்த அக்கா. முடியாதுன்னு நான் எந்த வாயால சொல்ல? அதான் உங்கள்ட்ட வந்தேன். பரீச்ச எழுதாம விடமாட்டேன்னு டீச்சரு குதிக்கிறாகன்னு சொல்லிட்டா, பழி உங்க மேல போயிரும். அண்ணன், அக்கா, நானு எல்லாரும் ஒண்ணா உக்காந்து உங்களத் திட்டிக்கிட்டு இருந்திருப்போம். பிள்ளையும் படிச்சிருக்கும்.”

“அப்படியே சொல்லியிருக்கலாமே? நான் வேண்டாம்னு சொன்னேன்னு!”

“சொல்லாம இருப்பனா? பஸ்ஸுல போகையிலயே சொல்லிப் பாத்தேன். ‘எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு, அந்தம்மா மண்டைய மண்டைய ஆட்டுனத நான் பாக்கலையா’ங்கிறாக அண்ணன். நான் என்னத்தச் சொல்ல?”

எங்கள் ஊர்ப் பக்கம் டாக்டரும் டீச்சரும் எதற்கு இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாததா? டாக்டர் கூடாதுன்னுட்டார், டீச்சர் விடமாட்டேங்கிறார் என்று வீட்டில் போய்ச் சொல்வதற்கு. சொந்தபந்தத்துக்குள் பகை வராமல், பழியை வாங்கிக்கொள்ள வெளியாள் ஒருத்தர் வேண்டும். இதைத்தான் எங்கள் தலைமையாசிரியை முப்பது வருஷமாகச் சான்றிதழ் இல்லாமல் செய்துகொண்டிருந்தார். அம்மையார் சொன்னதிலும் தப்பில்லை. விடை அந்த மனுஷனுக்குள்ளேயேதான் இருந்தது. அதைச் சொல்ல ஒரு வாய் தேவைப்பட்டது. அந்த வாயை மூடிவைக்கத்தான் எனக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காய் வாங்கக்கூடத் தோன்றவில்லை, வெறும் பையோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “என்கிட்டன்னா நாலு போடு போட்டு ரெண்டு நிமிஷத்தில் அனுப்பியிருப்பேன். நீ பெரிசா ட்ரெயினிங் போனவளாச்சேன்னு அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.” பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். பெயரை இன்னும் அடிக்கவில்லை என்றும், அரையாண்டுத் தேர்வுக்குள் வராவிட்டால் அடிக்கத்தான் வேண்டும் என்றும், அடித்துவிட்டால் இந்த வருஷம் பரீட்சை கிடையாது என்றும் சொன்னார். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது.

சனிக்கிழமை கன்னிவாடி பஸ் ஏறினேன். வழியெல்லாம், என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் கத்திப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் பயந்து வேறு இடம் மாறிக்கொண்டார்.

அவர்கள் வீட்டு முற்றத்தில் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தம்பி என்னைக் கண்டதும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றார். அடுப்படி நிலைக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் பாவாடை நுனி தெரிந்தது.

“வாங்க டீச்சர்” என்றார் அண்ணன். “இன்னைக்கு எதுக்குத் தலையாட்ட வந்தீக?”

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததையெல்லாம் கொட்டினேன். “இந்தப் பிள்ளையைப் பரீட்சை எழுதவிடாம யார் நிறுத்துறதுன்னு நானும் பார்க்கிறேன்” என்று ஆரம்பித்து, பக்கத்து வீட்டுக் கோழி கலைந்து ஓடுகிற அளவுக்குச் சத்தம் போட்டேன். மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்த சத்தம் அது. தம்பியின் முகத்தில் முதன்முதலாக ஒரு தெளிச்சி வந்ததைப் பார்த்தேன். அண்ணன் அசரவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, “அன்னைக்குச் சரின்னுதான தலையாட்டுனீக? நான் என் கண்ணால பாத்தேன்” என்றார்.

இல்லை என்றால், அவர் கண்ணைப் பொய் என்று சொன்னதாகும். தம்பி எதிரில், பெண்டுகள் எதிரில் அந்த மனுஷன் அதைத் தாங்க மாட்டார். ஆமாம் என்றால் கதை அதோடு முடிந்தது. நான் கேட்டது, கேட்டதைத் திருப்பிச் சொன்னது, கருத்தைத் திணிக்காமல் இருந்தது என்றெல்லாம் அந்த முற்றத்தில் நின்று விளக்கினால் பைத்தியம் என்றுதான் நினைப்பார்கள். என் குரல் தானாக இறங்கியது.

“ஆமா, ஆட்டினேன். தப்புத்தான். விவரம் தெரியாம ஆட்டிட்டேன்” என்றேன். அதற்குமேல் வந்ததெல்லாம் சுத்தப் பொய். “பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. பிள்ளை திரும்பி வரலைன்னா என்னை வேலையை விட்டு அனுப்பிடுவேன்னு சொல்றாங்க.”

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வேல போயிருமா?”

“போயிடும்.”

“இன்னும் கல்யாணமும் ஆகல போல?”

இந்தக் கேள்வி எங்கே போனாலும் என் கூடவே வரும். “ஆகலை” என்றேன்.

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். தம்பியைப் பார்த்து, “ஏலே, ஒரு பொம்பளப் பிள்ள பொழப்பக் கெடுத்த பாவம் நமக்கு எதுக்குடா? அக்காகிட்ட நான் பேசிக்கிறேன். கல்யாணத்த ஆவணிக்குத் தள்ளி வச்சுக்கிருவோம். இந்தம்மாவுக்காகத்தான், பாத்துக்க” என்றார். எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். இனிமேல் யோசிக்காமல் எதற்கும் தலையாட்டக் கூடாது என்று புத்தியும் சொன்னார். உதவி செய்யப் போன நான் உதவி பெற்றுக்கொண்டு, மோரையும் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த வருஷம் முழுக்க அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும், தன் வேலை போய்விடும் என்று பயந்து கல்யாணத்தைத் தள்ளிப்போடவைத்த டீச்சர் என்று என்னைத் திட்டியதாகக் கேள்வி. எனக்கு அதில் ஒரு நிம்மதி இருந்தது.

திங்கட்கிழமை அவள் வந்துவிட்டாள். அவள் இழந்தது மூன்று வாரம், என் பயிற்சிக் காலம் எவ்வளவோ அவ்வளவு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விட்ட பாடங்களை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பகலில் பிடித்துக்கொண்டாள். ஆனால் நிச்சயம் ஆன பெண் வீட்டில் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? நாளைக்கு மாமியார் வீட்டில் மானம் போகக் கூடாது என்று குழம்பும் வெஞ்சனமும் வைக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மார்ச்சில் பரீட்சை எழுதினாள்.

மே மாத விடுமுறையில் சென்னையில் எங்களுக்கு மறுபயிற்சி. எல்லோருடைய பதிவேடுகளையும் வாங்கிப் பார்த்த அம்மையார், என்னுடையதை எடுத்துக் கூட்டத்தில் வாசித்தார். அந்த வெள்ளிக்கிழமைப் பதிவுதான். ஒரு வார்த்தை அறிவுரை இல்லை, ஒரு இடத்திலும் குறுக்கீடு இல்லை, இதுதான் முன்மாதிரி என்று அவருடைய மெல்லிய குரலில் பாராட்டினார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

ஜூனில் அவள் பாஸ் செய்துவிட்டாள் என்று தெரிந்தது. ஆனால் கணக்கில் நான் எதிர்பார்த்த மார்க் இல்லை. ட்ரெயினிங் பள்ளிக்கு மனு போட்டிருந்தாள். மார்க் வரிசைப்படி எடுத்தார்கள், அவளுக்குச் சீட்டு வரவில்லை. அடுத்த வருஷம் மறுபடி போடலாம் என்று நான் சொல்லியனுப்பினேன். அடுத்த வருஷம் அவள் வத்தலக்குண்டில் இருப்பாள் என்பது எனக்கும் தெரியும்.

ஆடிக் கடைசியில் அப்பாவும் மகளுமாகக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார்கள். அவர் தலைமையாசிரியைக்குப் பத்திரிகை வைக்கப் போனார். அவள் என்னோடு அறையில் நின்றாள். புதுத் தாவணி, கை நிறையக் கண்ணாடி வளையல். சீட்டு கிடைக்காததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் அதைத் தொடாமல், மாப்பிள்ளைப் பையன் எப்படி என்று கேட்டேன். நல்ல மாதிரி என்றாள். பிறகு, சந்தேகம் கேட்பதற்கு முன்னால் வகுப்பில் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

“ஒண்ணு கேக்கவா டீச்சர்? அன்னைக்கு அப்பாவ உங்ககிட்ட அனுப்பி வச்சதே நான்தான். அப்பாவுக்குப் பெரியப்பாகிட்ட வாய் வராது. எங்க டீச்சர்ட்ட போங்க, அவங்க ஒரு சத்தம் போட்டா பெரியப்பா அடங்கிருவாகன்னு சொன்னேன். அப்பா பெரிய டீச்சர்ட்ட போகவும் பயந்துக்கிட்டு கிளாஸ் ஜன்னல்கிட்டயே நின்னேன். உங்க ரூமுக்கு வந்தாகளா, அப்பாடான்னு இருந்துச்சு.” வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். “பஸ் லேட்டானதுக்கே எங்கள அம்புட்டுச் சத்தம் போடுவீங்களே டீச்சர். அன்னைக்கு மட்டும் ஏன் போடல?”

அவள் குறையாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பயிற்சிக்குப் போயிருந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?